உறவினர் உள்ள கட்டடங்கள்: தரங்கம்பாடி பற்றிய நிகழ்வு ஆய்வு

காலை பதினொரு மணிக்கு மேல் தரங்கம்பாடிக் கோட்டை மைதானத்துக்குப் போனால் மாலையும் கழுத்துமாக வயதான தம்பதிகளைப் பார்க்கலாம். திருக்கடையூரில் மணிவிழாவை முடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று வேனில் எட்டுக் கிலோமீட்டர் கடற்கரைக்கு வந்தவர்கள். புதுத் தாலியின் மஞ்சள் இன்னும் காயாத பாட்டி நிழல் தேடி உட்கார்ந்துவிடுவார். தாத்தாவைப் பேரன்கள் பீரங்கி அருகே நிறுத்திப் படம் எடுப்பார்கள். அரை மணி நேரத்தில் வேன் கிளம்பிவிடும்.

டென்மார்க்கிலிருந்து வந்த டேனியர்கள் இங்கே ஏன் கோட்டை கட்டினார்கள் என்பதை அறிவிப்புப் பலகையிலேயே படித்துக்கொள்ளலாம். அது ஏன் இன்னும் நிற்கிறது என்பதைத்தான் எந்தப் பலகையும் சொல்வதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது. வடக்கே பூம்புகார் இருக்கிறது. அதன் பழைய துறைமுகத்தைக் கடல் கொண்டுவிட்டது. தெற்கே நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் பெரிய கோட்டை வைத்திருந்தார்கள். இன்று தேடினாலும் அதில் உருப்படியாக ஒன்றும் கிடைக்காது. பரங்கிப்பேட்டையிலும் டச்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் கிடங்கு வைத்துப் பிழைத்தார்கள். மிஞ்சியது கொஞ்சம் கல்லறைகளும் சில சுவர்களும். இவற்றுக்கு நடுவே, இவற்றையெல்லாம்விடச் சிறியதும் ஏழையுமான ஓர் ஐரோப்பிய நாடு நடத்திய ஊர் மட்டும் கோட்டை, வாயில், வீதி, இரண்டு தேவாலயம், ஆளுநர் மாளிகை என்று ஏறத்தாழ முழுசாக நிற்கிறது. இந்த ஆய்வு அந்தக் காரணத்தைத் தேடுகிறது. கூடவே இன்னொன்றையும் கவனிக்கிறது: அதே ஊரில் எவை நிற்கவில்லை?

பெயரிலிருந்தே தொடங்குவோம்

தரங்கம் என்றால் அலை, ஆகவே அலைகள் பாடும் ஊர் என்று ஒரு விளக்கம் உண்டு. காதுக்கு இனிமையாக இருப்பதால் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் கடற்கரையில் இருக்கும் மாசிலாமணி நாதர் கோயில் கல்வெட்டு இந்த ஊரைச் சடங்கன்பாடி என்கிறது. குலசேகரன்பட்டினம் என்ற மறுபெயரையும் தருகிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், 1306ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாடி என்பது குடியிருப்பு. அலை எந்த இராகத்தில் பாடியது என்று தேட வேண்டியதில்லை. பட்டினம் என்பது வணிகர் புழங்கும் கடல் துறை. டேனியர்கள் கப்பல் ஏறுவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஒரு சந்தையும் துறையும் இருந்திருக்கின்றன. டேனியர்கள் ஊரைக் கண்டுபிடித்தார்கள் என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதும்போது இந்தக் கல்வெட்டு நினைவுக்கு வந்தால் நல்லது.

தங்க ஏட்டில் ஒரு கடிதம்

டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் 1616இல் தம் நாட்டுக்கும் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி வேண்டும் என்று உரிமம் கொடுத்தார். 1618இல் ஓவே ஜெட்டே என்ற இளம் தளபதியின் தலைமையில் கப்பல்கள் கிளம்பின. அவர்கள் நினைத்து வந்த இடம் தரங்கம்பாடியே இல்லை, இலங்கை. போர்த்துக்கீசியருக்கு எதிராகக் கண்டி அரசர் உதவி கேட்கிறார் என்ற நம்பிக்கையில் புறப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே நிலைமை மாறிவிட்டிருந்தது. முன்னதாக அனுப்பப்பட்ட ஒரு கப்பலைக் காரைக்கால் அருகே போர்த்துக்கீசியர் தாக்கி மூழ்கடித்தார்கள். அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே என்பவர் தஞ்சை ரகுநாத நாயக்கரின் அவையை அடைந்தார். ஊர் கைமாறிய கதை உண்மையில் அந்தக் கப்பல் உடைந்ததில்தான் தொடங்குகிறது.

1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆனது. நாயக்கர் டேனிய மன்னருக்குத் தங்க ஏட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஓலையில் எழுதும் வழக்கத்தை அப்படியே தங்கத்துக்கு மாற்றியிருக்கிறார்கள்: நீளமான, ஒடுக்கமான தகடு. போர்த்துக்கீசியர் மட்டுமே வாங்கினால் விலை ஏறாது, இன்னொருவரும் வரட்டும் என்பது நாயக்கரின் கணக்காக இருந்திருக்க வேண்டும். கோட்டைக்கு டேன்ஸ்போர்க் என்று பெயர் வைத்தார்கள். கீழ்த்தளத்தில் வளைவுக் கூரையிட்ட கிடங்குகள், மேலே தலைவருக்கும் போதகருக்கும் அறைகள். மிளகும் துணியும் கீழே, மனிதர்கள் மேலே.

பிறகு நடந்ததுதான் இந்த ஊர்க் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1643இல் ஒரு கப்பல் வந்தது. அதற்குப் பிறகு 1669 வரை டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. இருபத்தாறு ஆண்டு! ஐரோப்பாவில் போர், கம்பெனியிடம் காசில்லை, கடைசியில் கம்பெனியே இல்லாமல் போனது. கோட்டையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள். 1655க்குப் பிறகு எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற ஒரே டேனியர் மிஞ்சினார். அவர் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு கோட்டையை நடத்தினார்; வங்கக் கடலில் கப்பல்களை மடக்கிக் கிடைத்ததை விற்றார்; அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார்; வரி கேட்டு வந்த நாயக்கர் படையோடு சமரசம் பேசினார். 1669இல் ஃபேரோ என்ற கப்பல் கரைக்கு வந்தபோது கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. கடற்கொள்ளை என்று இன்று சொல்லக்கூடிய தொழிலால்தான் ஊர் பிழைத்தது என்பதை மறைப்பதற்கில்லை. பஞ்ச காலத்தில் பசித்தவர்களை அடிமைகளாகக் கப்பலேற்றிய துறைகளில் இதுவும் ஒன்று என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆய்வுக்கு வேண்டிய முதல் குறிப்பு இங்கே கிடைக்கிறது. அந்த இருபத்தாறு ஆண்டும் கோட்டையைத் தாங்கியது கோபன்ஹேகன் கஜானா இல்லை. அதைச் சுற்றிக் குடியிருந்தவர்களுக்கு அந்தக் கோட்டையால் ஏதோ ஒரு பயன் இருந்தது. அதனால் அது நின்றது.

அச்சுக்கூடம்

1706 ஜூலை 9 அன்று பார்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்ரிக் புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மானியர்கள் டேனிய மன்னர் நான்காம் ஃபிரடெரிக்கின் ஆணையோடு வந்து இறங்கினார்கள். கோட்டைத் தலைவருக்கு அவர்கள் வந்தது பிடிக்கவில்லை. வியாபாரம் கெடும் என்று நினைத்தார். 1708இன் இறுதியில் சீகன்பால்க்கை அதே டேன்ஸ்போர்க்கில் நான்கு மாதம் அடைத்தும் வைத்தார். மன்னர் அனுப்பிய ஆளை மன்னரின் கோட்டையிலேயே சிறை வைப்பது, பல ஆயிரம் மைலுக்கு அப்பால் ஆணை எவ்வளவு செல்லும் என்பதற்கு நல்ல உதாரணம்.

மீதிக் கதை தமிழ் படித்த எல்லாருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். சிறுவர்களோடு மணலில் உட்கார்ந்து அவர் எழுத்து கற்றார். ஓலைச்சுவடிகளை வாங்கிச் சேர்த்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் கப்பலில் வந்தன. பெரிய எழுத்துகள் காகிதத்தை விழுங்கியதால், சிறிய எழுத்துகளை அடுத்த ஊரான பொறையாரில் வார்த்துக்கொண்டார்கள். காகித ஆலை ஒன்றும் அங்கே வைத்தார்கள். தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. 1718இல் புதிய ஜெருசலேம் ஆலயம் கட்டப்பட்டது. அதன் முகப்பில் நான்காம் ஃபிரடெரிக்கின் முடியும் எழுத்து முத்திரையும் உள்ளன. மறு ஆண்டு, 36 வயதில், சீகன்பால்க் அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கமானார்.

ராஜ வீதியில் நடந்தால் இரண்டு வெள்ளைத் தேவாலயங்களைச் சில நிமிடங்களில் கடந்துவிடலாம். ஒன்று டேனியர்கள் தமக்காக 1701இல் கட்டிய சீயோன் ஆலயம். இன்னொன்று தமிழர்களுக்காகக் கட்டிய புதிய ஜெருசலேம் ஆலயம். இரண்டும் இப்போது வெவ்வேறு திருச்சபைகளின் கையில் உள்ளன. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் பேராயருக்குத் தரங்கம்பாடிப் பேராயர் என்றே பட்டம். அவருடைய அலுவலகம் இருப்பதோ திருச்சியில். ஊர் சிறுத்தாலும் பெயரின் மவுசு குறையவில்லை. உயிரியலிலும் அப்படித்தான். இங்கே இருந்த மிஷனரிகளில் சிலர் செடியும் சங்கும் பறவையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். பின்கழுத்தில் கறுப்புப் பட்டை போட்ட செந்நிறப் புறா ஒன்று உலகம் முழுவதும், ஐரோப்பியர் இந்த ஊரை அழைத்த டிராங்குபார் என்ற பெயரை ஒட்டி, டிராங்குபாரிக்கா என்ற அறிவியல் பெயரோடுதான் பறக்கிறது.

வறுமை செய்த உபகாரம்

நாம் இன்று படம் எடுக்கும் கட்டடங்களில் பல 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. இங்கிலாந்தும் பிரான்ஸும் அடித்துக்கொண்ட காலத்தில் டென்மார்க் எந்தப் பக்கமும் சேரவில்லை. நடுநிலைக் கொடி பறக்கும் கப்பலில் சரக்கு ஏற்றினால் பத்திரம் என்று ஆங்கிலேயக் கம்பெனி ஊழியர்களே தம் சொந்தச் சரக்கையும் பணத்தையும் டேனியக் கப்பலில் அனுப்பினார்கள். ஊரில் காசு புரண்டது. கோட்டைக்குள் புழுங்கிக்கொண்டிருந்த ஆளுநர் மைதானத்துக்கு எதிரே தூண் வரிசை வைத்த மாளிகைக்குக் குடிபெயர்ந்தார். ஊர் வாயிலை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். அதில் 1792 என்று ஆண்டு இருக்கிறது. வண்டிகள் இன்றும் அந்த வாயில் வழியாகத்தான் ராஜ வீதிக்குள் நுழைகின்றன.

பிறகு ஐரோப்பாவில் டென்மார்க் தவறான பக்கம் சிக்கிக்கொண்டது. 1808 முதல் 1815 வரை ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து வைத்திருந்தார்கள். திருப்பிக் கொடுத்தபோது வியாபாரம் திரும்பி வரவில்லை. 1845இல் தரங்கம்பாடியும் வங்காளத்துச் சேரம்பூரும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்கப்பட்டன.

விற்ற பிறகும் ஊர் உடனே படுத்துவிடவில்லை. தஞ்சை மாவட்ட ஆட்சியரின் அலுவலகத்தையே ஆங்கிலேயர் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். பதினைந்து ஆண்டு அளவில் ஜில்லாவின் தலைநகரம் இதுதான். அடி விழுந்தது 1861இல். ரயில் நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பித் தஞ்சாவூருக்குப் போனது. தண்டவாளம் முடியும் இடத்தில்தானே கப்பலும் நிற்கும்? ஆட்சியர் அலுவலகம் தஞ்சாவூருக்குப் போயிற்று, வியாபாரிகள் நாகைக்குப் போனார்கள். தரங்கம்பாடிக்கும் ஒரு ரயில் வந்தது, அறுபத்தைந்து ஆண்டு தாமதமாக, 1926இல், மாயவரத்திலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாக. அந்த மீட்டர்கேஜ் பாதையையும் 1986இல் மூடிவிட்டார்கள்.

இந்த ஆய்வின் நடுமையம் இது என்று நினைக்கிறேன். நாகப்பட்டினத்தில் பணம் இருந்தது. பழையதை இடித்துவிட்டுப் புதியதைக் கட்டினார்கள். தரங்கம்பாடியில் இடிக்கவும் காசில்லை, கட்டவும் ஆளில்லை. மதிலின் பெரும் பகுதி கல்லும் செங்கல்லுமாகக் கழன்று போனது உண்மைதான். ஆனால் பெரிய கட்டடங்களுக்கு யாரோ ஒருவர் குடிவந்துகொண்டே இருந்தார். கோட்டை 1970களின் இறுதிவரை பயணியர் மாளிகையாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்துவிட்டுக் கட்டில் போட்டுத் தூங்கக்கூடிய இடம். நல்ல பாதுகாப்பு முறை அது என்று வல்லுநர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் கதவைத் திறந்து மூடவும், ஒழுகினால் கூரைக்கு ஆள் அனுப்பவும் ஒருவர் இருந்தார். பிறகு மாநிலத் தொல்லியல் துறை அதை ஏற்று அருங்காட்சியகம் ஆக்கியது.

கடல்

மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. பழைய படங்களில் கருவறையும் அதை ஒட்டிய சுவர்களும் கரை விளிம்பில் நிற்கும். உடைந்த கற்கள் அலைக்குள் சிதறிக் கிடக்கும். கடல் ஒரே நாளில் வந்து எடுத்ததில்லை. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் கொஞ்சம் மணல், அதன்மேல் நின்ற கொஞ்சம் அடித்தளம், பிறகு ஒரு நாள் ஒரு தூண். 1707இல் கட்டிய முதல் ஜெருசலேம் ஆலயமும் இன்று இல்லை.

சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும் பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. கரையிலிருந்து கடலுக்குள் நீட்டி ஒரு கல் சுவர் போட்டால் அதன் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் அரிக்கும். ஓர் இடத்தைக் காப்பாற்றப் போடும் கல், பக்கத்து இடத்தின் மணலை எடுத்துக் கொடுக்கும். கடற்கரை ஊர்களில் யார் வீட்டு முன்னால் கல் கொட்டுவது என்பது சண்டையாகவே முடிவது இதனால்தான். கோட்டைக்கு முன்னாலும் கோயிலுக்கு முன்னாலும் பாறைகள் கொட்டியிருக்கிறார்கள். அவை நிற்கும் வரை கட்டடங்களும் நிற்கும்.

2004 டிசம்பர் 26 அன்று காலை சுனாமி வந்தது. தரங்கம்பாடி அப்போது நாகை மாவட்டத்தில் இருந்தது. தமிழ்நாட்டில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அதுவே. கடலோரக் குப்பங்கள் அழிந்தன. கோட்டையும், கடலைப் பார்த்து நிற்கும் பழைய ஆட்சியர் மாளிகையும் தாக்குப்பிடித்தன. கனமான சுவரும் உயரமான அடித்தளமும் கொண்ட கட்டடம் நின்றது, ஓலைக் குடிசை போயிற்று. இதைக் கட்டடக் கலையின் பெருமையாக எழுதுவோரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். மீனவர்களின் வீடுகளும் அவ்வளவு கனமாக இருந்திருந்தால் என்று யோசிக்காமல் அந்த வாக்கியத்தை எழுத முடிவதில்லை.

சுண்ணாம்பும் சிமெண்ட்டும்

சுனாமிக்குப் பிறகு ஊருக்குள் பணம் வந்தது. டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகம் ஆளுநர் மாளிகையைப் பழுதுபார்க்கத் துணை நின்றது. அதற்கு முன்பே டேனிய ஆர்வலர்களின் உதவியோடு கோட்டையில் வேலை நடந்திருந்தது. பழைய ஆட்சியர் மாளிகை விடுதியாகிவிட்டது. மரபுச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு டேனிய அறக்கட்டளையொன்றின் பணத்தைக் கொண்டு பொற்கொல்லர் தெருவில் சிதைந்துகிடந்த ஓட்டு வீடுகளை எடுத்துப் புதுப்பித்தது. அரண்மனையை விட்டுவிட்டுத் திண்ணை வீட்டைத் தேர்ந்தது நல்ல முடிவு.

இந்த வேலையைக் கிட்டத்தில் பார்த்தால்தான் அதன் சங்கடம் தெரியும். ராஜ வீதியிலோ பக்கத்துத் தெருவிலோ பழைய வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை மாவு போல ஒட்டும். நாக்கில் வைத்தால் உப்பு. கடற்கரையில் நிலத்தடி ஈரம் உப்போடு சுவரில் ஏறுகிறது. வெளியே வந்து காயும்போது ஈரம் போய்விடும், உப்பு தங்கிவிடும். அது படிகமாகும்போது விரிந்து, பக்கத்தில் இருப்பதைத் தள்ளும். சுவர் உப்புப் பூத்துப் பொரிந்து விழுகிறது என்று ஊரில் சொல்வது இதைத்தான்.

சுண்ணாம்புப் பூச்சு மென்மையானது, மூச்சு விடும். உப்பு அதற்குள்தான் படிகமாகும், பூச்சுதான் உதிரும். சில ஆண்டுக்கு ஒருமுறை உதிர்ந்ததைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசினால் உள்ளே செங்கல் அப்படியே இருக்கும். சிமெண்ட் பூச்சோ கெட்டி, ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். உப்பு பின்னால், பழைய மெல்லிய செங்கல்லுக்குள் படிகமாகி அதை மாவாக்கும். மூன்று மழைக்காலம் வரை சுவர் பளபளவென்று இருக்கும். நான்காவதில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். ஊரில் புதிதாகப் பழுதுபார்த்தது என்று பெருமையாகக் காட்டப்படும் சில சுவர்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம்.

அப்படியானால் எல்லாரும் சுண்ணாம்பே பூசலாமே? பூசலாம். கிளிஞ்சலைச் சுட்டு நீற்ற வேண்டும்; தொட்டியில் வாரக் கணக்கில் ஊறவைக்க வேண்டும்; மணலோடு சேர்த்து அரைக்க வேண்டும்; கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை ஊற்ற வேண்டும். பூசிய பிறகு அவசரப்படாமல் தட்டித் தேய்த்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைக் கையால் அறிந்த கொத்தனார்கள் செட்டிநாட்டுப் பக்கமும் புதுச்சேரிப் பக்கமும் இருக்கிறார்கள். கூலியும் நாளும் சிமெண்ட் வேலையைவிடப் பல மடங்கு. மெட்ராஸ் டெரஸ் கூரை இன்னும் மோசம்: தேக்கு விட்டத்தின்மேல் மெல்லிய செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பில் கோக்கும் வேலை. ஒரு விட்டத்தின் நுனியில் கரையான் ஏறினால் முழுக் கூரையும் பிரச்சினை. அறக்கட்டளையின் பணத்தில் இதைச் செய்யலாம். மளிகைக் கடை வைத்துப் பிழைக்கும் குடும்பம் தன் பாட்டன் வீட்டுக்கு எப்படிச் செய்யும்?

யாருக்கு யார் உறவு

நான் கண்ட வகையில், இந்த ஊரில் ஒவ்வொரு கட்டடத்தின் தலைவிதியையும் ஒரே கேள்வியால் சொல்லிவிடலாம். அதற்கு உறவினர் யாராவது இருக்கிறார்களா?

கோட்டைக்கும் ஆளுநர் மாளிகைக்கும் டென்மார்க் இருக்கிறது. தன் நாட்டின் வரலாற்றில் வெயில் அடித்த ஒரு பக்கம் இங்கே இருக்கிறது என்று அது நினைக்கிறது. ஆய்வாளர்களை அனுப்புகிறது, பணம் கொடுக்கிறது. சீகன்பால்க் வாழ்ந்த வீட்டுக்கு ஹாலே நகரின் ஃபிராங்கே அறக்கட்டளை இருக்கிறது. 2017இல் அது அங்கே ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தது. தேவாலயங்களுக்குச் சபை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஆள் வருகிறது, அதனால் கூரை ஒழுகினால் திங்கட்கிழமை பேச்சு எழும்.

மாசிலாமணி நாதருக்கும் உறவினர் உண்டு. அறநிலையத் துறையும் ஊராரும் சேர்ந்து கோயிலைப் புதிதாகக் கட்டி வண்ணம் அடித்துக் குடமுழுக்குச் செய்திருக்கிறார்கள். பழைமை ஆர்வலர்களுக்கு அந்த வண்ணம் கண்ணில் குத்தும். இடிபாடு எவ்வளவு அழகாக இருந்தது என்று வருந்துவார்கள். எனக்கும் அந்த வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இடிபாட்டை ரசித்தவர்கள் வெளியூரிலிருந்து வந்தவர்கள். விளக்கு ஏற்ற வேண்டியவர்களுக்குச் சுவரும் கூரையும் வேண்டும். பாண்டியன் காலத்துக் கற்களை அப்படியே வைத்து, பின்னால் ஒதுக்கிப் புதுக் கோயில் எடுத்திருந்தால் இரண்டு கட்சிக்கும் திருப்தியாகியிருக்கும் என்பது என் எண்ணம். பின்னால் ஒதுக்க இடத்தைக் கடல் விட்டுவைத்ததா என்பது வேறு கேள்வி.

உறவினரே இல்லாதவை எவை? ஊர் மதிலின் எச்சங்கள். பொறையாரின் காகித ஆலையும் எழுத்து வார்த்த இடமும்: தமிழ் அச்சின் வரலாற்றில் கோட்டையைவிட முக்கியமான இடங்கள், ஆனால் நின்று பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. பிறகு வாரிசுகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட வீடுகள். பத்துப் பேருக்குப் பொதுவான பத்திரம். ஒருவர் விற்க வேண்டும் என்பார், ஒருவர் கூடாது என்பார், மீதி எட்டுப் பேருக்கு வீட்டின் கதவு எந்தப் பக்கம் என்றே நினைவிருக்காது. சட்டமும் இங்கே அதிகம் உதவுவதில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்த கட்டடத்தைக் காக்கத் துறை உண்டு. அதற்குப் பக்கத்துத் திண்ணை வீட்டை உரிமையாளர் ஒரே இரவில் இடித்தாலும் தடுப்பார் இல்லை. வீதியின் அழகோ அந்தத் திண்ணைகளின் வரிசையில்தான் இருக்கிறது. இரண்டு பல் விழுந்தால் வாய் மாறிவிடுகிறதே, அதுபோல.

சுற்றுலா இதைத் தீர்க்கும் என்கிறார்கள். ஓரளவு தீர்க்கும். விடுதிக்குப் போன கட்டடம் பிழைத்திருக்கிறது, வேலையும் கொடுக்கிறது. ஆனால் மணிவிழா வேன் அரை மணி நேரத்தில் போய்விடுகிறது; அது ஊருக்குள் விட்டுப்போவது இளநீர்க் காசும் பிளாஸ்டிக் குப்பையும். ஓசோன் நிறைந்த கடற்கரை என்று ஒரு விளம்பரம் வேறு. சுவாசிக்கும் காற்றில் ஓசோன் நிறைந்தால் நுரையீரல் எரியும். நல்ல வேளையாக அந்த விளம்பரம் உண்மையில்லை. கடற்காற்றின் அந்த வாசனை பெரும்பாலும் கடற்பாசியும் நுண்ணுயிர்களும் தருவது. 700 ஆண்டுக் கல்வெட்டும் தமிழ் அச்சுக்கூடமும் இருக்கிற ஊருக்கு இப்படி ஒரு பொய்ச் சரக்கு தேவையா?

2020இல் மயிலாடுதுறை தனி மாவட்டமாயிற்று; தரங்கம்பாடி அதில் ஒரு வட்டத்தின் தலைமையிடம். ஆட்சியர் அலுவலகம் மறுபடி முப்பது கிலோமீட்டருக்குள் வந்திருக்கிறது. மாவட்டத்துக்கு அடையாளம் வேண்டுமென்றால் மாயூரநாதர் இருக்கிறார், பூம்புகார் இருக்கிறது, அதற்கு அடுத்தபடி இந்தக் கோட்டையைத்தான் படம் போடுவார்கள். கோட்டைக்கு இன்னொரு உறவினர் கூடிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாகப் போனபோது உள் தெரு ஒன்றில் பூட்டிய வீட்டின் முன் நின்றேன். மரத்தூணும் நாட்டு ஓடும் கொண்ட வீடு. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று ஒன்று முளைத்து ஆள் உயரம் வளர்ந்திருந்தது. அதைப் பலமுறை வெட்டியிருக்கிறார்கள்; அடியில் நான்கைந்து பழைய வெட்டுக் காயங்கள் தெரிந்தன. திண்ணையில் உட்கார்ந்து வலை முடைந்துகொண்டிருந்த பெரியவரிடம் வீடு யாருடையது என்று கேட்டேன். தனக்குத் தெரியாது என்றார். வெயிலுக்கு வந்து உட்காருவதாகவும், வேர் சுவரைப் பிளந்துவிடுமே என்று தைப் பொங்கலுக்கு முன்னால் ஆண்டுக்கொருமுறை தானே வெட்டிவிடுவதாகவும் சொன்னார். இந்த ஆண்டு தோள் வலி, இன்னும் ஏறவில்லை.